ஏசி க்ளட்ச்சும் ஏழு குழிப் பணியாரச் சட்டியும்

"இல்லீங்க, ஏசிக்குள்ள இருக்கற கேஸைத் தொறக்கவே வேண்டாம்ங்கறேன். கம்ப்ரெசர் அது பாட்டுக்கு அது எடத்துல இருக்கட்டும். அதுக்கு முன்னால மூஞ்சியாட்ட ஒட்டிக்கிட்டு இருக்குது பாருங்க, ஒரு தட்டு, பெல்ட்டு சுத்தற ஒரு புல்லி, உள்ள கரண்ட் பாஞ்சா தட்ட இழுக்கற ஒரு காயிலு. அந்த மூணும் சேந்ததுதான் க்ளட்ச். உங்களுக்குப் போனது அதுதான். அதை மட்டும் மாத்துனாப் போதும். அதுக்கு எதுக்குங்க மெஷினு, கோயமுத்தூரு, கயித்தக் கட்டி இழுக்கற வண்டி? இந்த ஓடை மேல நிறுத்துங்க. மத்தியானச் சாப்பாட்டுக்குள்ள மாத்திக் குடுத்துர்றேன்."

இதை நான் சொன்னது எதுத்த ஊட்டுக்குப் புதுசாக் குடி வந்திருக்கற பேங்க் மேனேஜர்கிட்ட. மனுசன் என்னைய மேலயும் கீழயும் பாத்தாரு. எனக்கு வயசு அறுபத்தெட்டு. சேலைக்கு மேல ஸ்வெட்டரு, தலைல மப்ளரு, கைல இரும்பு வளையம் கழட்டற ஒரு சர்க்ளிப் ப்ளையரு. "நீங்களா?"ன்னாரு.

"நானேதானுங்க. போன ஐப்பசில என்ற மருமவள, ஏழு மாசப் புள்ளத்தாச்சிய, நான் க்ளட்ச் மாத்துன வண்டிலதான் மலையெறக்கி அனுப்புனேன். நடுவுல தப்புப் பண்ணுனனான்னு கேட்டீங்கன்னா, பண்ணுனேன். அதையும் மறைக்காமச் சொல்றேன், உக்காருங்க"ன்னேன். உக்காரலீங்க, பேங்குக்கு நேரமாச்சுன்னு போயிட்டாரு. அவருக்குச் சொல்ல வெச்சிருந்தது பூராத்தையும் இப்ப உங்களுக்குச் சொல்றேன்.

மொதல்ல ஒண்ணு தெரிஞ்சுக்கோங்க. எங்க குன்னூர் மலைல ஏசி குளுரறதுக்கு இல்லீங்க, கண்ணு தெரியறதுக்கு. குளுரு வேணும்னா கதவைத் தொறந்தாப் போதும். மஞ்சு, அதான் மூடுபனி, எறங்கி, மழையும் பிடிச்சு, வண்டிக்குள்ள நாலு பேரு மூச்சு விட்டா முன் கண்ணாடி பூராம் வெள்ளையா மூடிக்கும். அந்த ஈரத்த உறிஞ்சறதுக்கு ஏசி வேணும். ஏசி ஓடறதுக்கு க்ளட்ச் தட்டு புல்லில போயி ஒட்டோணும். ஒட்டலீன்னா கொண்டை ஊசி வளைவுல நீங்க துணிய வெச்சுத் தொடச்சுக்கிட்டே போவோணும். தொடச்சுக்கிட்டே போனவிய இதைப் படிக்கறவியள்ல நெம்பப் பேரு இருப்பீங்கன்னு எனக்குத் தெரியும்.

நம்பர் சொன்னா எடுத்துத் தர்றவ

நான் மெக்கானிக் இல்லீங்க. பந்தலூர்ப் பக்கம் ஒரு எஸ்டேட் கேரேஜ்ல ஸ்டோர்ஸ் க்ளார்க்கா இருந்தேன். ஒரு சின்ன சன்னலு, அதுக்கு அக்கட்ட க்ரீஸும் சத்தமும், இக்கட்ட நானும் ரிஜிஸ்டரும். "ராஜாமணி, ஆறு ரெண்டு பூஜ்யம் மூணு"ன்னா பேரிங் எடுத்துத் தருவேன். பழசத் திருப்பி வாங்கி வெக்கோணும், அது ரூல். சும்மாதான உக்காந்திருக்கறேன், அந்தப் பழசையெல்லாம் காதுகிட்ட வெச்சுச் சுத்திப் பாப்பேன். தேஞ்ச பேரிங்கு ஒவ்வொண்ணும் ஒவ்வொரு மாதிரி அழுவுமுங்க. சிலது முனகும். சிலது தகரத்துல மணல் போட்டாட்ட கரகரங்கும். இப்ப என்ற ஊட்டுக்காரரு தூங்கறப்ப விடற கொறட்டை இருக்குதே, அது க்ரீஸ் காஞ்ச பேரிங்கு. அதைப் பேசுனா பொழுது பத்தாது, உடுங்க.

ஒரு நாளு எஸ்டேட் ஆம்புலன்ஸ் கீச்சு கீச்சுன்னு வந்து நின்னுச்சு. நாலு பேரு சுத்தி நின்னு டைனமோதான்னு முடிவு பண்ணிட்டாங்க. நான் சன்னல்ல இருந்தே, "அது டைனமோ இல்ல, ஏசி புல்லி பேரிங்கு"ன்னேன். எல்லாரும் சிரிச்சாங்க. ஹெட் மெக்கானிக் வர்கீஸ் அண்ணன் மட்டும் சிரிக்கல. நாடுகாணிக்காரரு, பேச்சுல பாதி மலையாளம். பெல்ட்டக் கழட்டி, புல்லிய ஒத்தக் கையில ஒரு சுத்து சுத்துனாரு. கரகரன்னுச்சு. ஸ்பேனரக் கழுவிக்கூடக் குடுக்காம அப்படியே என்ற கையில வெச்சுட்டுச் சொன்னாரு: "மோளே, காது உனக்கு தெய்வம் தந்தாச்சு. இனி கை மட்டும்தான் அழுக்காகணும், கேட்டோ."

உருளைக்கெழங்கு மணி

ஊட்டுக்காரரு எஸ்டேட் ஆபீஸ்ல இருந்து ரிட்டயர் ஆகி, குன்னூருக்கு மேல இந்த ஊட்டுக்கு வந்த பொறகுதான் நான் தனியா சோலி ஆரம்பிச்சேன். இன்ஜின் தொட மாட்டேன், ப்ரேக் தொட மாட்டேன். ஏசி க்ளட்ச், அது ஒண்ணுதான். மொத வண்டி டாக்சி ஓட்டற மணியோடது.

மணி, ஏசியப் போட்டா வண்டி டீசல் குடிக்கும், ஏத்தத்துல இழுக்காதுன்னு ரெண்டு வருசமா அந்த சுச்சைத் தொட்டதே இல்ல. மஞ்சுக்கு அவன்கிட்ட வேற வைத்தியம் இருந்துச்சு. உருளைக்கெழங்க ரெண்டா நறுக்கி கண்ணாடி உள்பக்கம் தேச்சுக்குவான். உண்மையச் சொல்லோணும்னா கொஞ்ச நேரத்துக்கு அது கேக்குமுங்க. ஆனா வெயில் அடிச்சா மாவு மாவா உதிரும். ஒரு நாளு மேட்டுப்பாளையத்துல ஏத்துன டூரிஸ்ட்டு ஏசியப் போடச் சொல்லி அடம் பிடிக்க, சுச்சைத் தட்டிட்டான். ரெண்டு வருசத் துரு. தட்டு பாதி ஒட்டி, பாதி வழுக்கி, கல்லாறு தாண்டறதுக்குள்ள பொகை.

கழட்டிப் பாத்தா காயிலு கருகிக் கெடந்துச்சு. "வாரத்துல ஒருக்கா பத்து நிமிசம் ஏசியப் போட்டு விடு கண்ணு, துரு பிடிக்காது, உள்ள எண்ணெயும் சுத்தும்"னு சொல்லிக் குடுத்தேன். நல்லாக் கேட்டுக்கிட்டான். அடுத்த வாரமே வந்து நிக்கறான், பேட்டரி தீந்து போச்சுன்னு. இன்ஜினை ஓட விடாம சாவிய மட்டும் திருப்பி ஏசிய வெச்சிருக்கறான் மவராசன். ஏன்டான்னு கேட்டதுக்கு மூஞ்சிய அப்பாவியா வெச்சுக்கிட்டு, "ஏசியப் போடுன்னுதான ஆத்தா சொன்னீங்க, வண்டிய ஸ்டார்ட் பண்ணுன்னு சொல்லவே இல்லையே"ங்கறான்.

சூடு தேடி வந்தவன்

ஒறபனி விழற மாசத்துல எலிக்கும் குளுருமுங்க. நிறுத்துன வண்டி இன்ஜின் சூடா இருக்கும், உள்ள போயிப் படுத்துக்கும். படுக்கறது மட்டும் இல்ல, பல்லுக்கு வேல வேண்டாமா, காயிலுக்குப் போற வயரக் கடிச்சு வெச்சிரும்.

ஒரு கேரட் தோட்டக்காரரு ஏசி ஓடலீன்னு வந்தாரு. கீழ எங்கயோ காட்டுனதுக்கு கம்ப்ரெசரே போயிருச்சுன்னு சொல்லிட்டாங்களாம். மனுசன் வாடி வதங்கிப் போயி நின்னாரு. நான் பேட்டரில இருந்து நேரா ஒரு வயரு இழுத்து காயிலுக்குக் குடுத்தேன். 'டக்'குன்னு தட்டு போயி ஒட்டுச்சு. இந்த 'டக்' இருக்குதுங்களே, எனக்கு அது கோயில் மணி. கடிச்ச எடத்த ஒட்டுப் போட்டு, வயரு மேல வேப்பெண்ணெய் தடவி விட்டேன். க்ளட்ச்சே மாத்தலீங்க, புதுசு வேண்டாம்னு சொல்லித் தாட்டி உட்டேன். அவரு போயி ரெண்டு நாள் கழிச்சு அரை மூட்டை கேரட்டோட வந்து, "கம்ப்ரெசர் போச்சுன்னு சொன்னவிய கிட்ட எலின்னு சொன்னேன், அம்மா. அவிய எலி மருந்து வாங்கித் தர்றேன்னாங்க"ன்னாரு.

ஓடைக்குள்ள ஆளு

எங்க ஊட்டுக்கு முன்னால மழைத்தண்ணி போற அகலமான சிமிண்டு ஓடை ஒண்ணு இருக்குது. அதுக்கு மேல ரெண்டு பக்கமும் பழைய இரும்புப் பாளம் போட்டிருக்கறேன். வண்டியப் பாளத்து மேல ஏத்தி நிறுத்தி, சக்கரத்துக்குக் கல்லு வெச்சா, நான் ஓடைக்குள்ள முக்காலி போட்டு உக்காந்துக்குவேன். எல்லா போல்ட்டும் என்ற மூக்குக்கு நேரா வரும். இடுப்புல கொழுந்து பறிக்கறவிய கட்டிக்கற படங்கு ஒண்ணைக் கட்டிக்குவேன், க்ரீஸு சேலைல படாது. பட்டறைல குழி வெட்டறதுக்கு எத்தனை செலவு, எனக்கு முனிசிபாலிட்டியே வெட்டிக் குடுத்திருச்சு.

ஊட்டுக்காரரு மேல உக்காந்துக்குவாரு. வண்டியத் தொட மாட்டாரு, ஆபீஸ் ஆளு. ஆனா நான் கழட்டித் தர்ற ஒவ்வொண்ணையும் ஏழு குழிப் பணியாரச் சட்டில வரிசையா வெப்பாரு. மொதக் குழில நடு நட்டு, ரெண்டாங் குழில முன் தட்டு லாக்கு, இப்படி. மாட்டறப்ப கடைசிக் குழில இருந்து திரும்பி வந்தாப் போதும். அதுக்குப் பொறகு எங்க ஊட்டுல பணியாரம் சுடறதே இல்லீங்க, பேரப்புள்ளைகளுக்கு அதுல வருத்தம்.

ஒருக்கா அப்படி உள்ள உக்காந்திருக்கறப்ப ரோட்டுல போன டூரிஸ்ட் பசங்க நாலு பேரு என்ற காலை மட்டும் பாத்துட்டு, வண்டி யாரோ கெழவி மேல ஏறிருச்சுன்னு ஓடியாந்துட்டாங்க. ரெண்டு பேரு காலைப் பிடிச்சு இழுக்கறாங்க, ஒருத்தன் போன் எடுத்துட்டான். "உடுங்கடா, சர்க்ளிப்பு தெறிச்சிரும்"ங்கறேன், கேக்க மாட்டேங்கறாங்க. ஊட்டுக்காரரு சட்டியவும் கீழ வெக்காம, எந்திரிக்கவும் செய்யாம, நிதானமாச் சொன்னாரு: "தம்பி, அவளை இழுக்காதீங்க, இன்னும் மூணு குழி பாக்கி இருக்குது."

கட்டுச்சோறும் வந்துச்சு, சத்தமும் வந்துச்சு

இப்ப மருமவ விசயத்துக்கு வர்றேன். பேரு கௌசல்யா. அதிகம் பேச மாட்டா, பேசுனா அதுக்கு மேல பேச ஒண்ணும் இருக்காது. ஏழாம் மாசம், ஒரு ஞாயித்துக்கெழமை கட்டுச்சோத்து விருந்து வெச்சோம். தெரியாதவியளுக்குச் சொல்றேன்: பொண்ணு ஊட்டுல இருந்து புளிச்சோறு, தக்காளிச்சோறு, தயிர்ச்சோறுன்னு அண்டா அண்டாவா ஆக்கிக் கொண்டாந்து, இங்க விருந்து வெச்சு, பிரசவத்துக்குப் பொண்ணைக் கூட்டிக்கிட்டுப் போவாங்க. அதுக்கு மேல பொண்ணு மலைல இருக்கக் கூடாதுன்னு டாக்டரம்மாவும் சொல்லிட்டாங்க, அந்த வாரம் தாண்டுனாப் பயணமே வேண்டாம்னு.

சம்மந்தி கோயமுத்தூர்ல மோட்டார் பம்ப் பட்டறை வெச்சிருக்கறவரு. விடியால ஆக்குன சோத்தைச் சூடாவே பின் சீட்டுல ஏத்திக்கிட்டு, கதவையெல்லாம் சாத்திக்கிட்டு வந்திருக்கறாரு. பர்லியார் தாண்டுனா மழை, மஞ்சு. அண்டால இருந்து ஆவி. அந்த நேரம் பாத்து ஏசில கீச்சுன்னு ஒரு சத்தம் வந்து நின்னு போச்சு. கண்ணாடி மூடிக்கிச்சு. சம்மந்தியம்மா புடவைத் தலைப்புல தொடச்சுக்கிட்டே வந்திருக்கறாங்க. ஒரு வளைவுல எதுக்க வந்த பஸ் வெளக்கு பக்கத்துல வந்த பொறகுதான் தெரிஞ்சுதாம். எங்க ஊட்டு வாசல்ல எறங்குனப்ப ரெண்டு பேரு மூஞ்சிலயும் ரத்தமில்ல. வண்டிக்குள்ள புளிச்சோத்து வாசம் மட்டும் ஜோரா இருந்துச்சு.

நான் பானெட்டத் தொறக்கச் சொன்னேன். புல்லியத் தொட்டாலே ஆடுச்சு. அந்த பேரிங்கு இறுகிச்சுன்னா பெல்ட் அந்து போகும். அந்த பெல்ட்லதான் தண்ணி பம்ப்பும் ஓடுது, அது நின்னா இன்ஜினே கொதிச்சு நின்னுரும். இந்த வண்டில இப்படியே என்ற மருமவ எறங்கறது நடக்காத காரியம். தீவாளி லீவு, டாக்சி ஒண்ணுகூட இல்ல, நம்ம மணியே அவன் வண்டி நாலு நாளைக்குப் பேசியாச்சுன்னான். சம்மந்தி அவரோட சர்வீஸ்காரனுக்குப் போன் போட்டாரு. கம்ப்ரெசரே மாத்தோணும், வண்டிய அங்கயே விட்டுட்டு வாங்கன்னு சொல்லிட்டாங்க. அப்பப் பாக்கி இருந்தது பஸ்ஸு. வயித்துப் புள்ளைய வெச்சுக்கிட்டு, லீவு நாள் கூட்டத்துல பஸ்ஸு.

"நான் மாத்தித் தர்றேனுங்க சம்மந்தி"ன்னேன். அவரு சங்கடமாச் சிரிச்சாரு. "ஒங்க தெறமைய நான் கொறைச்சுச் சொல்லலீங்க. ஆனா இது ஊட்டு வாசல்ல பாக்கற வேலை இல்ல. அதும் புள்ள போற வண்டி"ன்னாரு. எனக்குச் சுருக்குன்னுச்சு. ஆனா பாருங்க, அந்தக் கடைசி வார்த்தை எனக்குள்ளயும் ஓடிக்கிட்டுத்தான் இருந்துச்சு. இது வரைக்கும் நான் கை வெச்ச வண்டில போனவிய எல்லாரும் யாரோ. இது என்ற ஊட்டு உசுரு ரெண்டு. நான் வாயத் தொறக்கறதுக்குள்ள கௌசல்யா கைல கண்ணாடி வளையலோட வந்து நின்னு, "அப்பா, பஸ்ல நான் வரல. அத்தை மாத்துனா இந்த வண்டில வர்றேன், இல்லீன்னா இங்கயே பெத்துக்கறேன்"ன்னுட்டா.

மொத பஸ்ல வந்த பொட்டலம்

கோயமுத்தூர்ல எனக்குச் சாமான் குடுக்கற கடைக்காரரு ஒருத்தரு இருக்கறாரு. ஞாயித்துக்கெழமைன்னு பாக்காம கடையத் தொறந்து, க்ளட்ச் செட்டை திங்கக்கெழமை மொத பஸ்ல கண்டக்டர் கைல குடுத்து விட்டாரு. எங்களுக்கெல்லாம் மருந்து, மல்லிகைப்பூ, பேரிங்கு, எல்லாமே பஸ்ல கண்டக்டர் மடிலதான் வரும். ஒருக்கா பக்கத்து ஊட்டுக் கல்யாண மாலையும் என்ற பேரிங்கும் மாறிப் போயி, மாப்ள ஊட்டுல பொட்டலத்தப் பிரிச்சா... அது நீளமான கதை, பொறகு.

சம்மந்தி ரெண்டு பேரும் அன்னைக்கு எங்க ஊட்டுலயே தங்குனாங்க. ராத்திரி பேஞ்ச மழைல ஓடைல முழங்காத் தண்ணி. டாக்சி மணி அவனோட டூரிஸ்ட்டுகள எழுப்பறதுக்கு முன்னால வந்து, மேல மணல் மூட்டை போட்டுத் தண்ணிய ரோட்டுப் பக்கம் திருப்பி விட்டுட்டுப் போனான். மத்தியானம் பன்னண்டேகாலுக்கு மேல ஒண்ணேகாலுக்குள்ள பொண்ணு படி எறங்கோணும், அது சம்மந்தியம்மா குறிச்ச நேரம். ஒன்பது மணிக்கு நான் ஓடைக்குள்ள எறங்கிட்டேன்.

சம்மந்தி விலகிப் போகல. வேட்டிய மடிச்சுக் கட்டிக்கிட்டு மேல குத்த வெச்சு, நான் செய்யற ஒவ்வொண்ணையும் பாக்கறாரு. பேரிங் தெரிஞ்ச மனுசன் பாக்கறப்ப கை கூசுமுங்க. பேட்டரி வயரக் கழட்டுனேன், பெல்ட்ட எறக்குனேன், நடு நட்டக் கழட்டித் தட்ட இழுத்தேன். தட்டுக்கு அடில ஷிம்முன்னு ரெண்டு மெல்லிசு வாஷர் இருக்கும், காயிதமாட்ட. தட்டுக்கும் புல்லிக்கும் நடுவுல எத்தனை எடம் விடோணும்ங்கறத அதுதான் முடிவு பண்ணும். எல்லாம் சட்டிக்குப் போச்சு. பழைய புல்லியச் சம்மந்தி கைல குடுத்தேன். அவரு அதைச் சுத்திப் பாத்தாரு, காதுகிட்ட வெச்சாரு, கீழ வெச்சாரு. பொறகு சம்மந்தியம்மாகிட்ட மெதுவாச் சொன்னது எனக்குக் கேட்டுச்சு: "சாமி காப்பாத்திச்சு, இன்னும் பத்து மைல்ல இறுகியிருக்கும்."

நாலாங் குழி

புதுக் காயிலு, புதுப் புல்லி, சர்க்ளிப்பு, தட்டு, எல்லாம் ஏறியாச்சு. மணி பன்னண்டரை. இங்க ஒரு தப்புப் பண்ணுனேன், அதைச் சொல்லாம உட்டா இந்தக் கதையச் சொல்றதுல அர்த்தமே இல்ல. தட்டுக்கும் புல்லிக்கும் நடுவுல சந்து எத்தனைன்னு பில்லர் கேஜ்ங்கற மெல்லிசுத் தகட்ட உட்டு அளக்கோணும். எப்பவும் அளப்பேன். அன்னைக்கு அளக்கல. மேல சம்மந்தி பாத்துக்கிட்டு இருக்கறாரு, உள்ள சம்மந்தியம்மா கடியாரத்தப் பாத்துக்கிட்டு இருக்கறாங்க. புல்லியக் கையில சுத்துனேன், ஒரசல் சத்தம் வரல. இத்தனை வருசக் காது, போதும்னு நெனச்சுட்டேன். சம்மந்தி உள்ள ஏறி வண்டிய ஸ்டார்ட் பண்ணி ஏசியப் போட்டாரு. 'டக்'. ஜில்லுன்னு காத்து. மொத மொறையா என்னையப் பாத்துத் தலைய ஆட்டுனாரு. அந்தத் தலையாட்டலு எனக்கு எத்தனை இனிச்சுதுன்னு சொல்ல முடியாதுங்க.

என்ற பையன் பொண்டாட்டி பெட்டிய டிக்கில ஏத்தறான். கௌசல்யா மடிநெறையப் பூவும் பழமுமா வாசப்படிக்கு வந்துட்டா. அப்ப ஊட்டுக்காரரு சட்டியக் கழுவறதுக்கு எடுத்தவரு, அதை வெளிச்சத்துல சாச்சுப் பாத்துட்டு, எல்லாருக்கும் கேக்கறாப்புல சொன்னாரு, "ராஜாமணி, நாலாங் குழில ஒண்ணு ஒட்டிக்கிட்டு இருக்குதே."

ஷிம்மு. ரெண்டும் எண்ணெய்ல ஒட்டிக் கெடந்ததுல ஒண்ணுதான் என்ற கைக்கு வந்திருக்குது. சந்து கம்மியாயிருச்சு. குளுருல ஒரசாது. ஆனா ஒரு மணி நேரம் ஓடி, தட்டு சூடேறி விரிஞ்சா, ஏசிய நிறுத்துனாலும் தட்டு புல்லில தேஞ்சுக்கிட்டே போகும். எந்த வளைவுல கருகும்னு யாரு கண்டா.

புதுச் செட்டோட எச்சா ஒண்ணு ரெண்டு ஷிம்மு வர்றது வழக்கம்தான். "அது எச்சா வந்ததுங்க"ன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா எல்லாரும் நம்பியிருப்பாங்க. வாய் வரைக்கும் வந்துச்சு. என்ற மருமவளைப் பாத்தேன். ஒரு கைய வயித்து மேல வெச்சுக்கிட்டு, அவ என்னையவே பாத்துக்கிட்டு நின்னா. "பெட்டிய எறக்குடா. நான் ஒரு ஷிம்மு மாட்ட மறந்துட்டேன், திருப்பிக் கழட்டோணும்"ன்னேன். சம்மந்தியம்மா, "நேரம் ஒண்ணேகாலோட முடியுதுங்களே"ன்னு பதறுனாங்க. கௌசல்யா மடில இருந்த பழத்த எடுத்து வாசப்படி மேல வெச்சுட்டு அப்படியே உக்காந்தா. "ரோடு தெரியற நேரந்தான் நல்ல நேரம், உடுங்கம்மா"ன்னா.

படங்க மறுக்காக் கட்டிக்கிட்டு ஓடைக்குள்ள எறங்குனேன்.  இன்ஜின் சூட்டுல கை சுட்டுச்சு. நட்டு, தட்டு, ஷிம்மு ரெண்டு, தட்டு, நட்டு. இந்தத் தடவை பில்லர் கேஜ உட்டு, மூணு எடத்துல அளந்தேன். பொறகு கேஜ மேல சம்மந்திகிட்ட நீட்டி, "நீங்களும் அளந்து பாத்துருங்க"ன்னேன். மனுசன் வேட்டியோட ஓடைக்குள்ள எறங்கிட்டாரு. அளந்தாரு. மூணு எடத்துலயும் சரியா இருந்துச்சு. மணி ஒண்ணரை, நல்ல நேரம் போயே போச்சு. அவரு எந்திரிச்சு, முட்டிச் சேத்தத் தொடச்சுக்கிட்டே சொன்னது எனக்கு அப்படியே ஞாபகம் இருக்குது: "என்ற பட்டறைல முப்பது பேரு இருக்கறாங்க, சம்மந்தி. மாட்டுன சாமான, யாரும் கேக்காமத் தானாத் திருப்பிக் கழட்டறவன் ஒருத்தனைக் காட்டுங்க பாப்போம்."

கீழ போயிச் சேந்த சேதி

வண்டி போன பொறகு நான் சாப்பிடல. கட்டுச்சோறு மீதி அண்டால கெடக்குது, ஊட்டுக்காரரு மட்டும் ரெண்டு தடவை போட்டுக்கிட்டாரு. மஞ்சு வாசல் வரைக்கும் வந்துருச்சு, எதுத்த மரம் தெரியல. நான் ஒவ்வொரு வளைவா மனசுக்குள்ள எறங்கிக்கிட்டு இருந்தேன். இந்நேரம் காட்டேரி, இந்நேரம் பர்லியார், இந்நேரம் கல்லாறு பாலம். சுவத்துக் கடியாரம் நின்னு போச்சோன்னு ரெண்டு தடவை கிட்டப் போயிப் பாத்தேன்.

போன் வந்தப்ப மணி மூணே முக்கால். எடுத்தவ கையில க்ரீஸு. பேசுனது கௌசல்யா. மேட்டுப்பாளையத்துல எளநி குடிச்சுக்கிட்டு இருக்கறாளாம். "கண்ணாடி எப்படி இருந்துச்சு கண்ணு?"ன்னேன். அவ நிதானமாச் சொன்னா, "மழை பெலமாத்தான் இருந்துச்சுங்க அத்தை. ஆனா ரோட்டோரத்துல உக்காந்திருந்த கொரங்கு ஒவ்வொண்ணு மூஞ்சியும் தெரிஞ்சுது. அப்பா நெடுகிலும் ஏசியக் கொறைக்கவே இல்ல. எனக்குத்தான் குளுருல பல்லு கிட்டிருச்சு."

அதுக்குப் பொறகு இன்னொரு சங்கடம் ஆரம்பிச்சிருக்குதுங்க. சம்மந்தி கீழ போயி எல்லார்கிட்டயும் சொல்லி வெச்சுட்டாரு. அவரு தம்பி, தம்பி மச்சான், பட்டறை சூப்பர்வைசரு, ஒவ்வொருத்தரா வண்டியோட மலையேறி வர்றாங்க. வந்த ஒறம்பரைக்குச் சோறும் ஆக்கோணும், வண்டிக்கு க்ளட்ச்சும் மாத்தோணும். போன வாரம் வந்த ஒருத்தரு, ஏசி நல்லாத்தான் இருக்குது, சும்மா நீங்க ஓடைல உக்காந்திருக்கறதப் பாக்கலாம்னு வந்தேன்ங்கறாரு. பேங்க் மேனேஜரு இன்னும் வரல. அவரு வண்டி காலைல கெளம்பறப்ப கீச்சுங்குது, சாயங்காலம் திரும்பறப்பக் கரகரங்குது. நான் சன்னல்ல உக்காந்து கேட்டுக்கிட்டுத்தான் இருக்கறேன். இன்னும் எத்தனை நாளைக்குத் தாங்கும்னு எனக்குத் தெரியும், அவருக்குத்தான் தெரியாது.

மொத்தத்துல நான் படிச்சது இத்தனைதானுங்க: க்ளட்ச்ச மாத்தறதுக்கு மூணு மணி நேரம் போதும், நான் மாத்துவேன்னு ஒரு ஆம்பளைய நம்ப வெக்கறதுக்கு ஒரு மலையே எறங்கி ஏறோணும். இருங்க, ஊட்டுக்காரருக்கு ஒரு கொரல் குடுத்துக்கறேன்: ஏனுங்க, பேப்பர அப்பறம் படிக்கலாம், மஞ்சு எறங்குது பாருங்க, கொடில கௌசல்யா மவ துணி காயுது, நனையறதுக்குள்ள உள்ள எடுத்துட்டு வாங்க.